கைகோராவில் காட்டு டால்பின்களுடன் நீந்தக் குடும்பத்தோடு செல்வோருக்கு

வரும் ஜனவரியில் நியூசிலாந்தின் தென்தீவுக்குக் குடும்பத்தோடு வரவிருப்பதாகவும், கைகோராவில் படகேறிச் சென்று கடலில் டால்பின்களுடன் நீந்த வேண்டும் என்று பன்னிரண்டு வயது மகள் ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உடன் வருபவர்கள் நீச்சல் தெரியாத மனைவி, ஏழு வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மா. இது பாதுகாப்பானதா, நீச்சல் தெரியாதவர்கள் என்ன செய்வது, எந்த நேரப் படகில் போவது, இதனால் அந்த விலங்குகளுக்குத் தொல்லை இல்லையா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்வியை நீங்கள் போகிறபோக்கில் கேட்டிருந்தாலும், மற்ற கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அதற்குள்ளேதான் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் கிறைஸ்ட்சர்ச்சில் பல ஆண்டுகளாக வசிப்பவன். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் அந்தப் படகுகளில் அழைத்துச் சென்ற அனுபவமும், இந்த விலங்குகளைப் பற்றித் தேடிப் படித்ததும் சேர்ந்ததே இந்தப் பதில்.

கைகோரா தென்தீவின் கிழக்குக் கரையில், கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வடக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர். ஒருபுறம் பனி படிந்த மலைத்தொடர், மறுபுறம் பசிபிக் கடல் என்று அதன் அழகைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டால்பின்களைப் பொறுத்தவரை முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று. பெரும்பாலான கடற்கரைகளில் ஆழ்கடலைத் தொடப் பல மைல் தூரம் படகில் போக வேண்டியிருக்கும். இங்கேயோ கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளாகவே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, சில கிலோமீட்டருக்குள் 1000 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வடக்கிலிருந்து வரும் வெப்ப நீரும் தெற்கிலிருந்து வரும் குளிர் நீரும் இந்தப் பகுதியில் கலக்கின்றன. ஆழத்திலிருந்து சத்து மிக்க நீர் மேலே எழுகிறது. அதனால் மிதவை உயிரிகளும், அவற்றைத் தின்னும் சிறு மீன்களும், கணவாய்களும் ஏராளம். ராபர்ட் ஃபைஃப் என்பவர் 1842இல் இங்கே திமிங்கில வேட்டைக் கூடம் அமைத்ததும் இந்தச் செழிப்பை நம்பித்தான். 1987இல் உள்ளூரைச் சேர்ந்த மாவோரி என்ற பூர்வகுடிக் குடும்பங்கள் தங்கள் வீடுகளை ஈடு வைத்துக் கடன் வாங்கி, திமிங்கிலங்களைப் பார்க்க மக்களை அழைத்துச் செல்லும் நிறுவனத்தைத் தொடங்கியதும் இதை நம்பித்தான். வேட்டையாடிய ஊர் பார்த்து வாழும் ஊராக மாறிய இந்த வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டே படகேற்றுங்கள் என்பது என் விருப்பம்.

நீங்கள் சந்திக்கப் போவது டஸ்கி டால்பின் என்ற இனம். தொலைக்காட்சியில் நாம் பார்த்துப் பழகிய, நீண்ட மூக்குடைய பாட்டில்நோஸ் டால்பின்களைவிடச் சிறியது, ஏறக்குறைய 1.7 மீட்டர் நீளமும் 70, 80 கிலோ எடையும் இருக்கும். மூக்கு மிகக் குட்டையானது. முதுகு கருநீலச் சாம்பல், வயிறு வெள்ளை; விலாவில் வெளிர் நிறப் பட்டை ஒன்று வால் பக்கத்திலிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்து மேலேறும். நூற்றுக்கணக்கில் கூட்டமாக வாழ்பவை. சில நாள்களில் கூட்டம் ஆயிரத்தை நெருங்குவதும் உண்டு. தண்ணீரிலிருந்து எழும்பித் தலைகீழாகக் கரணம் அடிப்பதில் இவற்றுக்கு இணையான டால்பின்கள் குறைவு.

இவை இரவில் உண்டு பகலில் ஓய்பவை. ஆழத்தில் வாழும் விளக்கு மீன்களும் கணவாய்களும் பகல் முழுவதும் இருளில் பதுங்கியிருந்து, பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாக மேல்மட்டத்துக்கு ஏறி வரும். டால்பின்கள் மாலையில் பள்ளத்தாக்கின் மேலுள்ள ஆழ்கடலுக்குச் சென்று, அந்த இரை எட்டும் உயரத்துக்கு வந்ததும் இரவெல்லாம் முக்குளித்து வேட்டையாடும். விடிந்ததும் கரைக்கு அருகே ஆழம் குறைந்த நீருக்குத் திரும்பி, பகலை ஓய்விலும் விளையாட்டிலும் இணை சேர்வதிலும் குட்டிகளைக் கவனிப்பதிலும் கழிக்கும். கரையோரம் ஒதுங்குவதற்கு இன்னொரு காரணம், ஆழ்கடலில் திரியும் ஓர்கா என்ற கொல்லும் திமிங்கிலங்களிடமிருந்தும் பெரிய சுறாக்களிடமிருந்தும் கிடைக்கும் பாதுகாப்பு. டால்பின்கள் மூளையின் ஒரு பாதியை விழிப்பில் வைத்துக்கொண்டு மறுபாதியை மட்டும் உறங்க விடுபவை. எனவே ஓய்வெடுக்கும்போதும் மெல்ல நீந்திக்கொண்டேதான் இருக்கும். படகிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது உறக்கமாகவே தெரியாது. இரவுப் பணி முடித்துத் திரும்பியவர் வீட்டுக் கதவைப் பகலில் போய்த் தட்டுவது போன்றதுதான் நாம் செய்வது. அவர் எப்போது கதவைத் திறக்க விரும்புவார் என்று அறிந்து போனால் உபத்திரவம் குறையும்.

அது குறையாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்திலேயே சான்று இருக்கிறது. வடதீவின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் வாழ்ந்த பாட்டில்நோஸ் டால்பின்கள், 1999க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன. பிறந்த குட்டிகளில் முக்கால்வாசி பிழைக்கவில்லை. சுற்றுலாப் படகுகளும் தனியார் படகுகளும் விடாமல் சூழ்ந்ததில், உண்ணவும் உறங்கவும் குட்டிகளுக்குப் பால் கொடுக்கவும் செலவிட வேண்டிய நேரத்தை அவை மனிதர்களோடு செலவிட்டன. 2019இல் அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அங்கே டால்பின்களுடன் நீந்துவதை நிறுத்தியது. 2021இல் அந்தப் பகுதியே கடல் பாலூட்டிகளின் சரணாலயமாக்கப்பட்டது. அதே 2021இல் அமெரிக்க அரசும் ஹவாய்த் தீவுகளின் கரையோரத்தில் ஸ்பின்னர் டால்பின்களுக்கு ஏறக்குறைய 45 மீட்டர் தூரத்துக்குள் யாரும் நெருங்கக் கூடாது என்று தடை விதித்தது. அந்த டால்பின்களும் இரவில் ஆழ்கடலில் உண்டு பகலில் அமைதியான விரிகுடாக்களில் உறங்குபவை. காலைதோறும் படகுகளும் நீச்சல்காரர்களும் அந்த விரிகுடாக்களை நிறைத்ததே தடைக்குக் காரணம். ஆகவே டால்பின் எங்கேயெல்லாம் இருக்கிறதோ அங்கேயெல்லாம் நீந்தலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மொரிஷியஸின் தமரின் விரிகுடாவிலும் ஸ்பின்னர் டால்பின்களைக் காலையில் படகுகள் கூட்டமாகத் துரத்துகின்றன. அங்கே என் குடும்பத்தை நான் அழைத்துச் செல்ல மாட்டேன்.

அப்படியிருக்கக் கைகோராவை மட்டும் ஏன் சரி என்கிறேன்? முதலாவதாக, இங்கே கூட்டம் பெரியது. அதே டால்பின்களே ஆண்டு முழுவதும் தங்கியிருப்பதில்லை, வந்து போய்க்கொண்டிருக்கின்றன. பே ஆஃப் ஐலண்ட்ஸில் போல ஒரு சில விலங்குகளே எல்லாப் படகுகளையும் சுமக்கும் நிலை இல்லை. இரண்டாவதாக, சட்டம் தெளிவாக இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1992இல் வந்த விதிகளின்படி, டால்பின்களிடமிருந்து 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த எல்லைக்குள் அலை எழும்பாத வேகத்தில்தான் செல்ல வேண்டும். கூட்டத்தின் நடுவே புகவோ, முன்னே சென்று வழி மறிக்கவோ கூடாது, பின்பக்கமாகச் சற்றே பக்கவாட்டில் வந்து இணையாகப் போக வேண்டும். குட்டிகள் இருக்கும் கூட்டத்தில் யாரும் நீந்தக் கூடாது. தொழிலாக மக்களை அழைத்துச் செல்ல அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் அளவோடுதான் தரப்படுகிறது. மூன்றாவதாக, கோடை மாதங்களில் நண்பகலையொட்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் டால்பின்களை அண்டாமல் விட்டுவிடுவது என்று படகு நடத்துபவர்களே தமக்குள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் மலைமேலிருந்து கருவிகளைக் கொண்டு டால்பின்களின் நடமாட்டத்தைப் பல ஆண்டுகள் குறித்துவந்ததில், அவை மிக அதிகம் ஓய்வெடுப்பது நண்பகலில்தான் என்று தெரியவந்தது. அதன் பின்னரே இந்த ஏற்பாடு உருவானது. தொல்லையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொல்லையை அளந்து, அதற்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்ளும் இடம் என்பதால்தான் இதை மனமார ஏற்கிறேன்.

இந்த நாள் ஒழுங்கிலிருந்தே உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. காலைப் படகையே தேர்ந்தெடுங்கள். கோடையில் விடியற்காலையிலேயே கிளம்பும் படகு இருந்தால் அதுவே மிகவும் நல்லது. இரவு வேட்டை முடிந்து கரையோரம் வந்து சேர்ந்த டால்பின்கள் அப்போது இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும், தாமாகவே மனிதர்களைச் சுற்றி வந்து பார்க்கும். காற்றும் பொதுவாகக் காலையில் குறைவு. இந்தக் கரையில் வடகிழக்குக் காற்று பிற்பகலில் வலுப்பதால் கடல் குலுங்கத் தொடங்கும், அது அம்மாவுக்கும் மகனுக்கும் சிரமம். சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் எழுவது கடினம்தான் என்றாலும், முந்தைய இரவு கைகோராவிலேயே தங்கிவிட்டால் முடியாத காரியம் இல்லை. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அன்று காலையே காரில் வந்து படகேறலாம் என்று திட்டமிடாதீர்கள். வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இரண்டரை மணி நேரப் பயணம் முடித்தவுடன் படகில் ஏறினால் பாதிப் பேருக்குத் தலைசுற்றல் அங்கேயே தொடங்கிவிடும்.

ஜனவரி பற்றி ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டஸ்கி டால்பின்கள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை குட்டி ஈனும். தாய்களும் குட்டிகளும் பெரிய கூட்டத்திலிருந்து பிரிந்து, கரையை ஒட்டிய மேலும் ஆழம் குறைந்த நீரில் சிறு சிறு குழுக்களாக இருப்பதே வழக்கம். அப்படிப்பட்ட குழுவைக் கண்டால் படகோட்டி இறங்க விடமாட்டார். வேறு கூட்டத்தைத் தேடிப் போவார். கிடைக்காவிட்டால் அன்று நீச்சல் இல்லாமலே திரும்ப வேண்டியிருக்கும். மகளிடம் இதைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துச் சொல்லுங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குட்டி, தாயின் விலாவை ஒட்டிக்கொண்டு அவளது நீரோட்டத்திலேயே இழுபட்டு நீந்தும். நாம் நடுவே புகுந்து தாய் சட்டென்று திசை மாறினால் குட்டி பின்தங்கிவிடும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இந்த ஒரு காரணம் போதும், ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வாள். குட்டிகளுக்குத் தொல்லை தராமல் நீந்தும் வாய்ப்பை அதிகமாக்க நினைத்தால் மார்ச் அல்லது ஏப்ரல் நல்ல மாதம், ஆனால் பள்ளி விடுமுறைக்கு அது பொருந்தாது என்பதை அறிவேன்.

இனி, கடலில் நடப்பதைச் சொல்கிறேன். படகு நடத்துபவர்களின் கடையில் கூடியதும் ஒவ்வொருவருக்கும் அளவு பார்த்து, வெட்சூட் என்ற, தலையையும் மூடும் தடித்த ரப்பர் நீச்சலுடை, முகக்கண்ணாடி, முகம் நீருக்குள் இருக்கும்போது வாயால் மூச்சு விட உதவும் ஸ்நார்கல் குழாய், காலுக்கு நீச்சல் துடுப்பு எல்லாம் தருவார்கள். காணொளி ஒன்றைக் காட்டி விதிகளை விளக்குவார்கள். பின்னர் தெற்கு விரிகுடாவிலுள்ள படகுத்துறைக்கு அழைத்துச் செல்வார்கள். டால்பின்களைத் தேடிச் செல்ல சில நாள் பதினைந்து நிமிடம் போதும், சில நாள் ஒரு மணி நேரமும் ஆகும். கூட்டத்தைக் கண்டதும் படகு வேகம் குறைந்து, அவை போகும் திசைக்கு இணையாகச் சிறிது தூரம் சென்று நிற்கும். நீந்துபவர்கள் பின்பக்கத்துத் தட்டில் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வழிகாட்டி சொன்னதும் குதிக்காமல் சத்தமின்றி வழுக்கி இறங்க வேண்டும். முதலில் கழுத்துப் பின்புறத்திலும் முகத்திலும் குளிர் கத்தியைப் போல் இறங்கும். மூச்சு முட்டுவது போல் தோன்றும். அரை நிமிடத்தில் வெட்சூட்டுக்குள் புகுந்த நீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும், மூச்சும் சீராகிவிடும். அந்த அரை நிமிடத்தைப் பற்றி முன்பே தெரிந்திருப்பவர்கள் பயப்படுவதில்லை. தெரியாமல் இறங்கியவர்கள்தான் அலறிப் படகை நோக்கித் திரும்புகிறார்கள்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் கண்ணுக்கு முன் காதுக்கே டால்பின்கள் வந்துவிடும். கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோலவும், சொடக்குகள் விரைந்து தொடர்ந்து விழுவதுபோலவும் ஓசை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். ஒலியை எறிந்து, அது நம் உடலில் பட்டுத் திரும்புவதைக் கேட்டே அவை நம்மை அறிகின்றன. பிறகு பச்சை கலந்த நீரிலிருந்து ஒன்று சட்டென்று உருப்பெறும், நம் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைக்கும், உடலைச் சற்றே சாய்த்து ஒரு கண்ணால் நம்மைப் பார்க்கும். அந்தக் கணத்தில் கைகளை நீட்டாமல் உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அதன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் நாமும் வட்டமடித்தால், அது நம்மைச் சுற்றி இன்னும் இறுக்கமான வட்டம் போடும், நமக்குத் தலைசுற்றும் வேகத்தில் அது சுழலும், சலித்ததும் போய்விடும். ஸ்நார்கலுக்குள் பாட்டோ முனகலோ எழுப்பினால் திரும்பி வரவும் கூடும். குழந்தைகள் இதில் பெரியவர்களைவிடத் தேர்ந்தவர்கள், கூச்சம் இல்லாததால். கையை நீட்டித் தொட முயன்றாலோ, துரத்தினாலோ எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். டால்பினின் தோல் மென்மையானது, நகம் பட்டாலே கீறிவிடும் என்பதால் தொடுவது எந்த நிலையிலும் கூடாது. உணவு கொடுப்பதும் அப்படியே. கேமராவைக் குச்சியில் பொருத்தி நீட்டிக்கொண்டு இறங்க வேண்டாம். படம் எடுக்கும் வேலையைப் படகிலிருப்பவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கூட்டம் நகர்ந்து போய்விட்டால் படகின் ஊதல் ஒலிக்கும். உடனே திரும்பி ஏறிவிட வேண்டும். படகு மறுபடி அவற்றுக்கு இணையாகச் சென்று நிற்கும், மறுபடி இறங்கலாம். இப்படிச் சில முறை நடக்கும். டால்பின்களுக்கு ஆர்வமில்லை என்று கண்டால் வழிகாட்டி நிறுத்திவிடுவார். அவரிடம் இன்னொரு முறை என்று கெஞ்சாதீர்கள். திரும்பி ஏறியதும் வெந்நீர்க் குழாயைப் பிடித்து வெட்சூட்டுக்குள் ஊற்றிவிடுவார்கள். சூடான சாக்லேட் பானமும் இஞ்சி பிஸ்கட்டும் கிடைக்கும். குளிர் இறங்கி உதடு நீலம் பாரித்த பிள்ளைக்கு அந்த வெந்நீரைப் போல இன்பம் வேறில்லை.

மகளைப் பொறுத்தவரை நீச்சல் குளத்தில் எத்தனை சுற்று போகிறாள் என்பதைவிட, கால் ஊன்ற முடியாத ஆழத்தில் பதற்றமின்றி மிதக்க முடிகிறதா என்பதே முக்கியம். தடித்த வெட்சூட் உடலை நன்றாக மிதக்க வைக்கும், மூழ்குவதுதான் கடினம். ஆனால் ஜனவரியில்கூட நீரின் வெப்பம் 15 முதல் 18 டிகிரி வரைதான் இருக்கும், நம் ஊர்க் கடலோடு ஒப்பிடவே முடியாது. அடியில் தரை தெரியாது. அலை தலைக்கு மேல் எழுந்து படகை மறைக்கும். ஆகவே கிளம்புவதற்கு முன் ஊரிலேயே ஒரு குளத்தில், முகக்கண்ணாடியும் ஸ்நார்கலும் போட்டு வாயால் மட்டும் மூச்சு விடப் பழக்குங்கள். குழாயில் தண்ணீர் புகுந்தால் பலமாக ஊதி வெளியேற்றவும் பழக்குங்கள். கடலில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் நீச்சலால் தடுமாறுவதில்லை, இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான் தடுமாறுகிறார்கள். நீங்களும் அவளோடு இறங்குங்கள். மீசை வைத்திருந்தால் முகக்கண்ணாடியின் ரப்பர் மேலுதட்டில் சரியாக ஒட்டாமல் தண்ணீர் கசியும். மீசையின் மேல்விளிம்பைச் சற்று ஒதுக்கிக்கொள்வதோ, சிறிது வாஸலின் தடவிக்கொள்வதோ உதவும். கண்ணாடி அணிபவராக இருந்தால் பவர் உள்ள முகக்கண்ணாடி இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

நீச்சல் தெரியாத மனைவி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிதவையைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம், ஒன்றும் ஆகாது என்று உடன் வருபவர்கள் தைரியம் சொல்லக்கூடும். பயத்தோடு கைகால்களை உதைப்பவரை டால்பின்கள் நெருங்குவதும் இல்லை, வழிகாட்டியின் கவனம் முழுவதும் அவர் மேலேயே போய்விடுவதால் மற்றவர்களுக்கும் இடைஞ்சல். எட்டு வயதை ஒட்டியே குழந்தைகளை நீந்த அனுமதிக்கும் வழக்கம் இருப்பதால் மகனும் படகில்தான் இருக்க வேண்டியிருக்கும். பார்வையாளர்களாக வருபவர்களுக்குக் கட்டணம் குறைவு. அவர்கள் எதையும் இழப்பதில்லை என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நீந்துபவருக்குத் தெரிவது தன்னைச் சுற்றிய சில மீட்டர் மட்டுமே. மேலே நிற்பவர்தான் கூட்டம் முழுவதையும், அவை வில்லாக வளைந்து குதிப்பதையும், படகின் முன்முனையோடு போட்டி போட்டு நீந்துவதையும் பார்க்கிறார். முன்முனையில் குனிந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் டால்பின் மூச்சு விடும் 'புஸ்' என்ற ஒலியும், அந்த மூச்சின் ஈரமும் முகத்தில் படும். ஏழு வயதுப் பையனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? போதாக்குறைக்கு, மூன்று மீட்டர் வரை சிறகு விரியும் ஆல்பட்ராஸ் பறவைகள் இந்தக் கடலில் படகுக்கு மிக அருகே வந்து இறங்கும்.

அம்மாவைப் பற்றிய கவலை நீந்துவதைப் பற்றியது அல்ல, குலுக்கலைப் பற்றியது. முதுகுத்தண்டிலோ இடுப்பிலோ பிரச்சினை இருந்தால் அவர் கரையிலேயே இருப்பது நல்லது, ஏனெனில் வேகமாகச் செல்லும்போது படகு அலைமேல் ஏறி இறங்கும் அதிர்ச்சி கடுமையானது. அப்படி எதுவும் இல்லாவிட்டால் தாராளமாக வரலாம். வாந்தியும் குமட்டலும் வயது பார்த்து வருவதில்லை. அதற்கான மாத்திரையை, மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பயனில்லை. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லி அளவு எளிய உணவு போதும். உள்ளறையில் உட்காராமல் பின்பக்கத்தில் காற்றுப் படும் இடத்தில் இருந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கைப்பேசித் திரையைப் பார்ப்பவர்கள்தான் முதலில் வீழ்வார்கள். நீந்துபவர்களுக்கும் இது பொருந்தும்: நின்ற படகு ஓடும் படகைவிட அதிகம் ஆடும், ஸ்நார்கலோடு அலையில் மிதக்கும்போதும் குமட்டும்.

சுறா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கட்டாயம் கேட்பார். நியூசிலாந்துக் கடலில் வெள்ளைச் சுறா உட்படப் பல சுறாக்கள் உண்டு. மனிதரைத் தாக்குவது மிக அரிது. படகிலிருப்பவர்கள் நீரைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஓர்காக்கள் வந்துவிட்டால் டால்பின்களே கரையை ஒட்டி ஒளிந்துகொள்ளும் அல்லது வேறு பக்கம் ஓடிவிடும். அன்று நீச்சலுக்கு வாய்ப்பே இருக்காது. உண்மையில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் குளிரும் களைப்பும்தான். பல் கிட்டத் தொடங்கினாலோ, கால் குறக்களி பிடித்தாலோ கூச்சப்படாமல் கையை உயர்த்திப் படகுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லி வையுங்கள். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு போன்றவை யாருக்காவது இருந்தால் மறைக்காமல் முன்பதிவின்போதே தெரிவியுங்கள்.

இடத்தை மாற்றலாமா என்றும் யோசிக்கலாம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய அகரோவாவில், நீண்டு உள்நுழைந்த துறைமுகத்துக்குள்ளேயே ஹெக்டர் டால்பின்கள் வருகின்றன. உலகின் மிகச் சிறிய டால்பின்களில் ஒன்றான இது நியூசிலாந்தைத் தவிர வேறெங்கும் இல்லை. முதுகுத் துடுப்பு கூராக இல்லாமல் வட்டமாக இருக்கும். அங்கே நீர் பொதுவாக அமைதியானது, அதனால் படகுப் பயணத்துக்கு அஞ்சும் அம்மாவுக்கு அகரோவா ஏற்றது. ஆனால் அது அழிவின் விளிம்பை நோக்கித் தள்ளப்பட்டுள்ள, எண்ணிக்கை குறைந்த இனம். நீந்துவதைவிடப் படகிலிருந்து பார்த்துவிட்டு வருவதே அதற்கு நாம் காட்டும் மரியாதை என்பது என் சொந்தக் கருத்து. குளத்தில் அடைத்து வைத்த டால்பின்களைக் காட்டும் பூங்காக்களை மாற்றாக எண்ணிப் பார்க்கவும் வேண்டாம். நம் இந்தியாவிலேயே 2013இல் மத்திய அரசு அவற்றை அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது.

முன்பதிவைப் பொறுத்தவரை, ஜனவரி இங்கே கோடை விடுமுறைக் காலம் என்பதால் நீந்துவோருக்கான இடங்கள் சில மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். கடல் கொந்தளித்தால் அன்று காலையில்தான் ரத்துச் செய்வார்கள். ஆகவே கைகோராவில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டமிட்டு, முதல் நாள் காலைக்கு முன்பதிவு செய்யுங்கள், அடுத்த நாள் காலை கைவசம் இருக்கும். டால்பின் கிடைக்காவிட்டாலோ, குட்டிகளால் நீச்சல் நடக்காவிட்டாலோ எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாலை நிலவரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்: 2016 நவம்பர் 14 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கத்தில் இந்தக் கரையே மேலே எழும்பி, படகுத்துறையின் தரை உயர்ந்து, நெடுஞ்சாலை மண்சரிவில் புதைந்து, ஓராண்டுக்கும் மேலாக வடக்குப் பாதை மூடிக் கிடந்தது. இப்போது சாலை நன்றாக இருந்தாலும், பெருமழைக்குப் பின் சில மணி நேரம் மூடப்படுவது உண்டு.

ஒருவேளை இரண்டு காலைகளும் வாய்க்காவிட்டால், ஊர்க்கோடியில் உள்ள பாயிண்ட் கீன் பாறைகளுக்கு எல்லோரையும் அழைத்துச் செல்லுங்கள். கம்பளிச் சீல்கள் என்ற கடல்நாய்கள் அங்கே வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும்; கட்டணம் இல்லை, அம்மாவும் காரிலிருந்து சில அடிகள் நடந்தாலே பார்த்துவிடலாம். 20 மீட்டர் விலகி நிற்க வேண்டும், சீலுக்கும் கடலுக்கும் நடுவே போய் நின்றுவிடக் கூடாது. மகனின் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.